சேல்ஸ் டீமுக்கு ஒரு சீனியர் டெவலப்பர் எதுக்கு? துறைமுகத்துப் பக்கம் இருந்து ஒரு பதில்

இந்த எபிசோட் ஒரு வேலை விளம்பரத்தைப் பற்றியது. "சீனியர் சாஃப்ட்வேர் இன்ஜினியர் தேவை. சேல்ஸ், மார்க்கெட்டிங் டீமுக்கு இன்டர்னல் டூல்ஸ் கட்ட வேண்டும்." இதை ஓ.எம்.ஆரில் இருக்கிற ஒரு பிராடக்ட் கம்பெனி போட்டால் யாரும் இரண்டாவது தடவை பார்க்க மாட்டோம். ராயபுரத்தில் ஒரு லாஜிஸ்டிக்ஸ் ஆபீஸோ, எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டோ போட்டால், "அங்க எதுக்குப்பா டெவலப்பரு?"ன்னு கேட்போம். அந்தக் கேள்வியைத்தான் இன்றைக்கு எடுத்திருக்கேன். ஆள் எடுக்க நினைக்கிற முதலாளிக்கும், அந்த வேலைக்குப் போகலாமா என்று யோசிக்கிற இன்ஜினியருக்கும் சேர்த்தே பேசப் போறேன்.

பொருள் செய்யத் தெரிந்த ஊர்

திருவொற்றியூரில் 1950களின் நடுவில் புல்லட் செய்ய ஆரம்பித்தார்கள். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியதிலிருந்து வரும் கதை அது. எம்.ஆர்.எஃப் 1946-ல் பொம்மை பலூன் செய்கிற சின்னக் கூடமாக ஆரம்பித்ததும் இதே திருவொற்றியூரில்தான். எண்ணூரில் அசோக் லேலண்ட். 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கிய கம்பெனி. தெற்கே சென்னைத் துறைமுகம். வடக்கே 2001-ல் செயல்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம், இப்போது காமராஜர் துறைமுகம். அதைத் தாண்டினால் காட்டுப்பள்ளி.

பொருளைச் செய்வதிலும் ஏற்றி இறக்குவதிலும் இந்த ஏரியாவுக்கு இருக்கிற அனுபவம் பெரிது. ஆனால் விற்பனை என்பது வேற ஒரு மெஷின். யாருக்கு என்ன விலை சொன்னோம், கையில் ஸ்டாக் எவ்வளவு, இந்த கஸ்டமர் யாருடைய கஸ்டமர், போன மாசம் சொன்ன தள்ளுபடி இந்த மாசமும் செல்லுமா. இந்த மெஷின் பெரும்பாலான இடங்களில் எக்செல்லிலும் வாட்ஸ்அப்பிலும் ஒரு மூத்த மேனேஜரின் ஞாபகத்திலும் ஓடுகிறது.

இது சரியாக ஓட வேண்டிய நாள் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு உதாரணம். 2018-ல் ராயல் என்ஃபீல்டு "கிளாசிக் 500 பெகாசஸ்" என்ற லிமிடெட் எடிஷனைக் கொண்டு வந்தது. உலகம் முழுக்க 1,000 வண்டி, இந்தியாவுக்கு 250. ஆன்லைனில் மட்டும் விற்பனை. முதலில் ஜூலை 10 என்று அறிவித்தார்கள். தளத்துக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து ஜூலை 25-க்குத் தள்ளி வைத்தார்கள். அன்றைக்கு 250 வண்டியும் 178 நொடியில் விற்று முடிந்தது. மூணு நிமிஷம்கூட இல்லை.

வெளியே இருந்து பார்ப்பவருக்கு அது ஒரு வெப்சைட். உள்ளே இருந்து யோசித்துப் பாருங்க. இந்த மாதிரி விற்பனையில் ஒரே வண்டியை இரண்டு பேருக்கு விற்கக் கூடாது. பணம் கட்டும்போது பாதியில் நின்றவரின் இடத்தை எவ்வளவு நேரம் பிடித்து வைப்பது என்று முடிவு செய்யணும். ஜெயித்தவருக்கு எந்த ஊர் டீலர் டெலிவரி கொடுப்பார், அந்த டீலருக்கு யார் எப்போது தகவல் சொல்வது? பொத்தானை அழுத்துகிறவருக்கு 178 நொடி. அதற்கு முன்னும் பின்னும் இருக்கிற வேலை எல்லாம் கம்பெனிக்கு உள்ளே நடப்பது. இன்டர்னல் டூல்ஸ் என்று சொல்வது இந்தப் பகுதியைத்தான்.

இன்னொன்று, லாரி. அசோக் லேலண்ட் 2020 ஜூனில் ஏ.வி.டி.ஆர் என்ற மாடுலர் வரிசையை அறிமுகப்படுத்தியது. கேபின், இன்ஜின், ஆக்ஸில், வண்டியின் நீளம் என்று தொழிலுக்கு ஏற்ற மாதிரி சேர்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அதன் அடிப்படை யோசனை. வாங்குபவருக்கு வசதி. விற்பவருக்கு? ஒரு கணக்குப் போடுவோம். 4 கேபின், 5 நீளம், 3 இன்ஜின், 6 ஆக்ஸில் அமைப்பு என்று வைத்தாலே 360 சேர்க்கை வருகிறது. இது நான் சும்மா வைத்த எண்கள்தான். ஆனால் அதில் எது எதோடு பொருந்தும், பொருந்தினால் என்ன விலை, எத்தனை வாரத்தில் கிடைக்கும் என்பதை ஒரு சேல்ஸ் ஆள் மனப்பாடம் செய்ய முடியாது. பொருந்தாத சேர்க்கையை அவர் கஸ்டமரிடம் சொல்லிவிட்டால், ஆர்டர் ஃபேக்டரி வரைக்கும் போய்த் திரும்பி வரும். அதனால்தான் இப்படிப்பட்ட கம்பெனிகளுக்கு "பொருத்திப் பார், விலை போடு, கொட்டேஷன் கொடு" என்கிற மூன்று வேலையையும் சேர்த்துச் செய்கிற மென்பொருள் தேவைப்படுகிறது.

இப்போது சின்ன கம்பெனிக்கு வருவோம்

லேலண்டும் என்ஃபீல்டும் பெரிய கம்பெனிகள். அவங்களுக்குப் பெரிய ஐ.டி. டீம் இருக்கும். நான் பேச வந்தது அடுத்த அடுக்கு. கன்டெய்னர் ஃப்ரைட் ஸ்டேஷன், சுருக்கமாக சி.எஃப்.எஸ். மாதவரம், மணலி, திருவொற்றியூர், எண்ணூர் வழியாகப் போனால் சுவருக்குப் பின்னால் அடுக்கி வைத்த பெட்டிகள் தெரியுமே, அதுதான்.

கப்பலில் இருந்து இறங்கும் பெட்டியைத் துறைமுகத்திலேயே வைத்திருந்தால் இடம் போதாது. அதனால் வெளியே ஒரு யார்டுக்குக் கொண்டுவந்து, சுங்கச் சோதனை முடித்து, சரக்கை உரியவருக்குக் கொடுக்கிறார்கள். சி.எஃப்.எஸ்ஸுக்கு வருமானம் முக்கியமாக இரண்டு: ஏற்றி இறக்குகிற கூலி, ஃப்ரீ நாட்கள் முடிந்த பிறகு தினமும் ஏறுகிற தரை வாடகை. 2016, 2017 வாக்கில் நேரடித் துறைமுக டெலிவரியை சுங்கத் துறை விரிவுபடுத்தியது. தகுதி பெற்ற இறக்குமதியாளர் பெட்டியை சி.எஃப்.எஸ்ஸுக்குக் கொண்டுபோகாமல் துறைமுகத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு சி.எஃப்.எஸ்களுக்கு விற்பனை என்பது உயிர்ப் பிரச்சினை. பெட்டி தானாக வராது, தேடிப் போகணும்.

தேடிப் போவது எப்படி? சேல்ஸ் ஆள் பைக்கை எடுத்துக்கொண்டு பாரிமுனைக்குப் போவார். லிங்கிச் செட்டித் தெரு, தம்புச் செட்டித் தெரு பக்கம் சுங்கத் தரகர் ஆபீஸ்கள். "சார், உங்க பார்ட்டிக்கு அஞ்சு நாள் ஃப்ரீ தர்றேன், நாப்பது அடிக்கு ஆயிரம் கம்மி பண்றேன்" என்று பேசி முடிப்பார். மேனேஜருக்கு வாட்ஸ்அப் போடுவார். மேனேஜர் ஒரு கட்டை விரலைப் பதிலாக அனுப்புவார். ஒப்பந்தம் முடிஞ்சது.

பெட்டி வந்து, பத்து நாள் கழித்து வெளியே போகும். பில்லிங்கில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் கட்டை விரல் தெரியாது. அவர் வழக்கமான ரேட்டில் பில் போடுவார். கஸ்டமர் ஃபோனில் கத்துவார். சேல்ஸும் பில்லிங்கும் சண்டை போட்டு, கடைசியில் கிரெடிட் நோட். இது ஒரு குறிப்பிட்ட கம்பெனியின் கதை கிடையாது. விலையை ஒருவர் பேசி, பில்லை இன்னொருவர் போடுகிற எந்தத் தொழிலிலும் நடப்பதுதான். மாதம் 2,000 பெட்டி வருகிறது, நூற்றுக்கு நான்கு பில் தப்பாகிறது என்று வைத்துக்கொண்டால், மாதத்துக்கு 80 சண்டை. ஒவ்வொன்றிலும் மூன்று பேருடைய அரை நாள்.

அப்போ ஒரு டெவலப்பரை எடுத்து, எல்லாத்தையும் கட்டச் சொல்லிடலாமா?

கட்ட வேண்டியது எது, வாங்க வேண்டியது எது

இங்கேதான் சீனியர் என்ற சொல்லுக்கு அர்த்தம் வருகிறது. ஆறு மாத அனுபவம் உள்ளவரிடம் "சி.ஆர்.எம் வேணும்" என்றால், அன்று ராத்திரியே டேட்டாபேஸ் டேபிள் வரைய ஆரம்பித்துவிடுவார். நல்ல சீனியர் முதலில், "அதை ஏன் நாம கட்டணும்?" என்று கேட்பார்.

கஸ்டமர் பெயர், ஃபோன் நம்பர், அடுத்து எப்போது பேசணும், எந்த நிலையில் இருக்கிறது என்று குறித்து வைக்கிற மென்பொருள் உலகத்துக்கே ஏற்றுமதி ஆவது நம்ம ஊரிலிருந்துதான். ஸோஹோ தன் சி.ஆர்.எம்மை 2005-ல் வெளியிட்டது. 2010-ல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021-ல் நாஸ்டாக்கில் பட்டியலானது. அவங்க நூற்றுக்கணக்கான ஆட்களை வைத்துப் பல வருஷமாகச் செதுக்கியதை ஒரே ஒரு ஆள் திரும்பக் கட்டினால், அது மோசமான நகலாகத்தான் இருக்கும். மாதச் சந்தா கட்டி வாங்குவது மலிவு.

ஆனால் "இந்தத் தரகர் மூலமா வர்ற இந்தப் பார்ட்டிக்கு மட்டும் அஞ்சு நாள் ஃப்ரீ, மார்ச் 31 வரைக்கும், ஒப்புதல் கொடுத்தது இவர்" என்ற விதி எந்தப் பெட்டிக் கடையிலும் ரெடியாகக் கிடைக்காது. அது இந்தத் தொழிலின் விதி. அந்த விதி பில்லிங் மென்பொருளுக்குப் போய்ச் சேர வேண்டும். கணக்கு டேலியில் இருக்கும். யார்டில் பெட்டி வந்த தேதி இன்னொரு சாஃப்ட்வேரில் இருக்கும். இந்த மூன்றையும் இணைக்கிற பகுதி, அப்புறம் விலைக்கு ஒப்புதல் வாங்குகிற ஒரு சின்னத் திரை. கட்ட வேண்டியது அவ்வளவுதான். கோடாகப் பார்த்தால் சின்ன வேலை. 80 சண்டையில் பாதி குறைவது அதில்தான்.

யார் கஸ்டமர்?

இப்போ நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிற பகுதி. சேல்ஸ் டூல் கட்டும்போது கடினமான கேள்வி டெக்னாலஜியில் இருக்காது. "கஸ்டமர் என்றால் யார்?" என்பதுதான் கேள்வி.

எக்செல்லைத் திறந்தால் ஒரே கம்பெனி நான்கு விதமாக எழுதப்பட்டிருக்கும். "ஸ்ரீ" முன்னால் ஒன்று, "பிரைவேட் லிமிடெட்" விட்டுப்போனது ஒன்று, சுருக்கெழுத்தில் ஒன்று. இதைப் பெயரை வைத்துச் சேர்க்கப் போனால் தலைவலி. ஒரு நல்ல வழி இருக்கு. ஜி.எஸ்.டி எண்ணில் 15 எழுத்துகள். முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அந்த நிறுவனத்தின் பான் எண். ஆக, சென்னைக் கிளையும் பெங்களூர்க் கிளையும் வேறு வேறு ஜி.எஸ்.டி எண் வைத்திருந்தாலும், நடுவில் இருக்கிற பத்தும் ஒன்றுதான். இறக்குமதி ஏற்றுமதிக் குறியீடும் 2017-ல் ஜி.எஸ்.டி வந்ததிலிருந்து பான் எண்ணை ஒட்டியே தரப்படுகிறது. பத்து எழுத்தை வெட்டி எடுத்து ஒப்பிட்டாலே பாதி குப்பை சுத்தமாகிவிடும்.

மிச்சப் பாதி மனுஷங்க சம்பந்தப்பட்டது. சரக்கு இறக்குமதியாளருடையது. எந்த சி.எஃப்.எஸ்ஸுக்குப் போகணும்னு சொன்னது தரகராக இருக்கலாம், ஃபார்வர்டராக இருக்கலாம், கப்பல் கம்பெனியாகவும் இருக்கலாம். பில் கட்டுவது வேறொருவர். பான் எண் சட்டப்படி யார் என்று சொல்லும். முடிவு எடுத்தது யார் என்று சொல்லாது.

இதுல என்ன இருக்குன்னு தோணலாம். இன்சென்டிவ் இருக்கு. ஒரு சேல்ஸ் ஆள் இரண்டு வருஷமாகத் தரகர் ஆபீஸ் வாசலில் காத்திருந்து பிடித்த வியாபாரம், இறக்குமதியாளர் பெயரில் பதிவானால் இன்னொருவர் கணக்கில் விழும். நீங்கள் ஒரு டேபிளில் எந்த வரியை எந்த வரியோடு சேர்க்கிறீர்கள் என்பது, ஒருவருடைய அடுத்த மாதச் சம்பளம். தண்டையார்பேட்டையில் வீட்டு வாடகை கொடுக்க வேண்டியவர் அவர். அவரிடம் கேட்காமல் அந்த முடிவை எடுத்தால், டூலை அவர் திறக்கவே மாட்டார். பழைய எக்செல் அவர் போனில் ரகசியமாக உயிரோடு இருக்கும்.

அதனால் நல்ல சீனியர் முதல் மாதம் கோட் எழுதுவதைவிட அதிகமாகக் கூடவே போவார். ஒருநாள் சேல்ஸ் ஆளோடு பாரிமுனைக்கு. ஒருநாள் பில்லிங் மேடம் பக்கத்தில் நாற்காலி போட்டு. எக்செல்லில் மஞ்சள் நிறம் அடித்த வரிக்கு என்ன அர்த்தம், சிவப்புக்கு என்ன அர்த்தம் என்று கேட்பார். அந்த நிறங்கள்தான் யாரும் எழுதி வைக்காத பிசினஸ் விதிகள். பிறகு புது டூலையும் பழைய எக்செல்லையும் ஒரு மாசம் சேர்த்து ஓட்டி, இரண்டிலும் இன்சென்டிவ் எவ்வளவு வருகிறது என்று சேல்ஸ் டீம் முன்னாலேயே காட்டுவார். வித்தியாசம் வந்தால் அதைத் தீர்க்க வேண்டியது மேலாளர். டெவலப்பர் அதை மறைக்காமல் மேஜையில் வைத்தால் போதும்.

மார்க்கெட்டிங் பக்கம் கொஞ்சம் ஜாக்கிரதை

"டேட்டா இருக்குல்ல, எல்லாருக்கும் ஒரு மெசேஜ் தட்டு" என்று மார்க்கெட்டிங் சொல்லும். வணிக எஸ்.எம்.எஸ்ஸுக்கு டிராயின் 2018 விதிமுறைப்படி அனுப்புநர் பெயரையும் மெசேஜ் வார்ப்புருவையும் டி.எல்.டி தளத்தில் பதிவு செய்ய வேண்டும். தனிநபர் தகவல் பாதுகாப்புக்கு 2023-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. ஃபோன் நம்பரை எதற்காக வாங்கினோம், அந்த ஆள் சம்மதித்தாரா, வேண்டாம் என்று சொன்னால் எங்கே பதிகிறோம் என்பதை டூலில் ஆரம்பத்திலேயே வைத்துவிட வேண்டும். பின்னால் ஒட்டுவது கஷ்டம்.

இன்டர்வியூவில் என்ன கேட்பது

லிங்க்டு லிஸ்ட்டைத் திருப்பச் சொல்லாதீங்க. மூன்று அழுக்கு எக்செல் ஷீட்டைப் பெயர், நம்பர் எல்லாம் மாற்றிக் கொடுங்கள். ஒரு மணி நேரம். "இதை வச்சு முதல்ல என்ன செய்வீங்க? எதைச் செய்யவே மாட்டீங்க?" இரண்டாவது கேள்விக்கான பதிலை உன்னிப்பாகக் கவனியுங்கள்.

அடுத்து, உங்கள் சேல்ஸ் டீமில் ரொம்பக் கோபக்காரர் ஒருவரை உள்ளே உட்கார வையுங்கள். அவர், "எனக்கு எல்லாமே டாஷ்போர்டுல வேணும்" என்று கேட்கட்டும். வந்தவர் "சரி சார்" என்று தலையாட்டுகிறாரா, "காலையில அதைப் பார்த்துட்டு நீங்க முதல்ல யாருக்கு ஃபோன் பண்ணுவீங்கண்ணா?" என்று கேட்கிறாரா? இரண்டாமவரை எடுங்கள்.

கடைசியாக, "நீங்க போயிட்டா இது எப்படி ஓடும்?" என்று கேளுங்கள். பாஸ்வேர்டு எல்லாம் கம்பெனி அக்கவுண்டில் இருக்கணும், கோட் கம்பெனியின் கிட்டில் இருக்கணும், தமிழிலோ ஆங்கிலத்திலோ இரண்டு பக்கக் குறிப்பு இருக்கணும் என்று அவரே சொன்னால் நல்லது. முடிந்தால் கூட ஒரு ஜூனியரையும் எடுங்கள். பில்லிங்கில் ஏற்கெனவே இருக்கிற, கம்ப்யூட்டரில் ஆர்வமுள்ள ஒருவரைப் பழக்கினால் இன்னும் நல்லது. தொழில் அவருக்கு ஏற்கெனவே தெரியும். தனி ஆள் கட்டிய டூல், அவர் வேலையை விட்ட பிறகு அனாதையாகிவிடும். எக்செல் திரும்பி வந்துவிடும்.

வேலைக்குப் போகிறவர் கேட்க வேண்டியது

"இன்டர்னல் டூல்ஸ்னா கரியர் முடிஞ்சுதுன்னு அர்த்தம்" என்று ஒரு பேச்சு இருக்கு. அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. கோடைப் பார்த்துக் குறை சொல்ல சக ஆள் இருக்க மாட்டார். ரெஸ்யூமேயில் எழுத பெரிய பெயர் இருக்காது. மறுபக்கமும் பாருங்கள். ஸ்லாக் ஒரு கேம் கம்பெனி தன் டீம் பேசிக்கொள்ளக் கட்டிய டூலிலிருந்து வந்தது. பேஸ்கேம்ப் ஒரு வெப் டிசைன் கம்பெனி தன் புராஜெக்ட்டுகளைச் சமாளிக்கக் கட்டியது. எல்லா டூலும் அப்படி ஆகாது. ஆனால் பயன்படுத்துகிறவர் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிற வேலையில், தப்பு மதியத்துக்குள் தெரிந்துவிடும். சீக்கிரம் கற்றுக்கொள்ள அது நல்ல இடம்.

சேருவதற்கு முன் நான்கு விஷயம் கேட்டுவிடுங்கள். நான் யாருக்கு ரிப்போர்ட் பண்ணணும், சேல்ஸ் தலைவருக்கா, ஐ.டிக்கா? ரெடிமேட் மென்பொருள் வாங்கத் தனி பட்ஜெட் இருக்கா? விலை விதியில் சண்டை வந்தால் கடைசி வார்த்தை யாருடையது? மாசக் கடைசி ராத்திரி பில்லிங் நின்றால் என்னைத்தான் கூப்பிடுவீங்களா, அதற்கு என்ன ஏற்பாடு? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில், எவ்வளவு நல்ல டூல் கட்டினாலும் நிற்காது.

சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு எண்ணைக் குறித்து வையுங்கள்: போன மாதம் எத்தனை கிரெடிட் நோட், மொத்தம் எவ்வளவு ரூபாய். ஆறு மாதம் கழித்து அதே எண்ணைத் திரும்பப் பாருங்கள். சம்பள உயர்வு கேட்கப் போகும்போதும், அடுத்த இன்டர்வியூவுக்குப் போகும்போதும், எந்த ஃப்ரேம்வொர்க் தெரியும் என்பதைவிட அந்த இரண்டு எண்கள் நன்றாகப் பேசும்.

2021 பிப்ரவரியிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது. அதில் தினமும் தெற்கே போய் வருகிற டெவலப்பர்கள் நிறைய பேர் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீங்க. உங்க வீட்டுத் தெருமுனையில் இருக்கிற யார்டுக்கும் ஒரு சீனியர் தேவைப்படலாம். அந்த முதலாளிக்கு அது இன்னும் தெரியாமல் இருக்கலாம். இந்த எபிசோடை அவருக்கு அனுப்புங்க. உங்க ஆபீஸ் எக்செல்லில் மஞ்சள் நிறத்துக்கு என்ன அர்த்தம்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் டேலியிலிருந்து டேட்டாவை வெளியே எடுப்பது எப்படின்னு பார்ப்போம்.